குதிரையின் மூச்சைக் கவனியுங்கள்

(விழிஞ்ஞம் தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய பேச்சு)



இன்றைய பேச்சு குதிரையைப் பற்றியது. குதிரைக்கு வரும் மூச்சு நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியது.

"விழிஞ்ஞம் மீன்பிடிக்கும் ஊர். இங்கே படகு உண்டு, வலை உண்டு. குதிரைக்கு இங்கே என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

குதிரைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பாண்டிய மன்னன் விழிஞ்ஞம் கோட்டையைப் பிடித்தான். இங்கிருந்து யானைகளையும் குதிரைகளையும் கவர்ந்து சென்றான். இதை அவன் காலத்துச் செப்பேடு சொல்கிறது.

இன்றும் குதிரைகள் இல்லாமல் போகவில்லை. திருவனந்தபுரம் நகரில் குதிரைப் போலீஸ் உண்டு. சென்னை மெரினா கடற்கரையிலும், ஊட்டியிலும், கொடைக்கானலிலும் குதிரைச் சவாரி விட்டுப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழா நடக்கும். அங்கே கூடும் சந்தைக்குக் குதிரைகள் வரும்.

குதிரை வளர்ப்பவருக்கு அதுதான் சொத்து. அது படுத்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

மார்க்கோ போலோ பார்த்தது

700 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள்.

வெனிஸ் நகரத்தைச் சேர்ந்த மார்க்கோ போலோ ஒரு பயணி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் பாண்டிய நாட்டுக்கு வந்தார். அப்போது காயல் ஒரு பெரிய துறைமுகம். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. அரபு நாட்டுப் பக்கமிருந்தும் பாரசீகப் பக்கமிருந்தும் அங்கே கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின.

அரசர் ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆனால் ஆண்டு முடியும்போது 100 குதிரைகூட உயிரோடு மிஞ்சாதாம். ஏன்? குதிரைக்கு என்ன தீனி கொடுப்பது என்று இங்கே தெரியவில்லை. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களும் இல்லை. குதிரை விற்ற வணிகர்கள் வைத்தியர்களை இங்கே வர விடவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்!

அறிவை மறைத்து வைத்தவன் பணம் பார்த்தான். அறிவு இல்லாதவன் குதிரையை இழந்தான். இன்று அந்த அறிவை யாரும் மறைத்து வைக்க முடியாது. எழுத்தும் எண்ணும் தெரிந்தால் போதும். குதிரையின் நோயில் பாதியைக் குதிரைக்காரரே கண்டுபிடித்துவிடலாம். மீதியை மருத்துவர் கண்டுபிடிப்பார்.

குதிரை மூக்கால்தான் மூச்சு விடும்

மனிதனுக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறான். நாய் வாயைத் திறந்து இரைக்கிறது. குதிரையால் அப்படிச் செய்ய முடியாது. அதன் தொண்டை அமைப்பு வேறு. அது மூக்கால் மட்டுமே மூச்சு விடும்.

அதனால்தான் குதிரையின் மூக்கும் மூச்சும் மிகவும் முக்கியம். மூக்கு அடைத்தாலும் தொண்டை வீங்கினாலும் அதன் உயிருக்கே ஆபத்து. குதிரை "எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்று சொல்லாது. அதன் மூக்கும் விலாவும்தான் சொல்லும். அதைப் பார்க்கப் பழக வேண்டும்.

முதல் வேலை: மூச்சை எண்ணுங்கள்

குதிரை லாயத்தில் அமைதியாக நிற்கும் நேரத்தில் எண்ணுங்கள். ஓடி வந்தவுடன் எண்ணக் கூடாது. உச்சி வெயிலிலும் எண்ணக் கூடாது.

பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நில்லுங்கள். விலாவுக்குப் பின்னால், வயிற்றின் பக்கத்தைப் பாருங்கள். அது ஒரு முறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

வளர்ந்த குதிரை ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். குட்டிக்கு இதைவிட அதிகம் இருக்கும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரை 20க்கு மேல் மூச்சு விட்டால் கவனியுங்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 30, 40 என்று போனால் தாமதம் செய்யாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது. எப்படி மூச்சு விடுகிறது என்றும் பாருங்கள். மூக்குத் துவாரம் அகலமாக விரிகிறதா? கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறதா? மூச்சை வெளியே விட வயிற்றை அழுத்துகிறதா? இவை எல்லாம் குதிரை சிரமப்படுவதன் அடையாளம்.

இரண்டாவது வேலை: காய்ச்சலைப் பாருங்கள்

கையால் தொட்டுப் பார்த்துக் குதிரைக்குக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. தெர்மாமீட்டர் வேண்டும். எண் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் மருந்துக் கடையில் கிடைக்கும். குதிரைக்கு வைத்ததை மனிதருக்கு வைக்கக் கூடாது. தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

குதிரையின் ஆசனவாயில்தான் தெர்மாமீட்டரை வைக்க வேண்டும். குதிரைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், உதைக்கும். பின்தொடைக்குப் பக்கத்தில், உடம்போடு ஒட்டி நில்லுங்கள். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். ஒலி வரும் வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் காய்ச்சல். 103, 104 என்றால் கடுமையான காய்ச்சல்.

பல தொற்று நோய்களில் காய்ச்சல்தான் முதலில் வரும். சளி பிறகுதான் வரும். லாயத்தில் ஒரு குதிரைக்குத் தொற்று நோய் வந்தால் மற்ற குதிரைகளுக்கும் காலை மாலை காய்ச்சல் பாருங்கள். சளி ஒழுகும் முன்பே நோய் வந்த குதிரையைப் பிரித்துவிடலாம்.

மூன்றாவது வேலை: மூக்கைப் பாருங்கள்

மூக்கில் தெளிந்த நீர் கொஞ்சம் கசிவது இயல்புதான். கெட்டியான சளி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒரு பக்கம் வருகிறதா, இரண்டு பக்கமும் வருகிறதா? என்ன நிறம்? நாற்றம் அடிக்கிறதா?

ஒரு துவாரத்தில் மட்டும் வந்து, நாற்றமும் அடித்தால், நோய் பெரும்பாலும் நுரையீரலில் இருக்காது. தலை எலும்பில் உள்ள அறைகளில் சீழ் பிடித்திருக்கலாம். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அந்த அறைக்குள் இருக்கிறது. பல் அழுகினால் மூக்கில் சீழ் ஒழுகும். இதற்கு இருமல் மருந்து கொடுத்துப் பயன் இல்லை. பல்லைப் பார்க்க வேண்டும்.

இரண்டு துவாரங்களிலும் தீனி கலந்த நீர் வந்தால் அது சளி அல்ல. உணவுக்குழாயில் தீனி அடைத்திருக்கிறது. உடனே தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தத் தீனி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

இரண்டு பக்கமும் கெட்டியாக மஞ்சள் சளி வந்து, காய்ச்சலும் இருந்தால் தொற்று நோயாக இருக்கலாம். தாடைக்கு அடியில் தடவிப் பாருங்கள். கட்டி இருக்கிறதா? தொட்டால் குதிரை வலியால் விலகுகிறதா? பார்த்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரே இருமல், பல நோய்கள்

இருமல் என்பது ஒரு நோய் அல்ல, நோயின் குரல். எந்த நோய் பேசுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

குதிரைக்கும் ஃப்ளூ காய்ச்சல் வரும். திடீரென்று காய்ச்சல் அடிக்கும். வறட்டு இருமல் வரும். ஒரு குதிரைக்கு வந்தால் இரண்டு மூன்று நாளில் பக்கத்துக் குதிரைகளுக்கும் வரும். இந்தியாவில் 1987ல் இந்த நோய் பெரிய அளவில் பரவியது. பிறகு 2008ல் மறுபடி வந்தது. ஜம்மு பகுதியில் கத்ரா என்ற ஊர் இருக்கிறது. வைஷ்ணவதேவி கோயிலுக்குப் போகும் யாத்திரிகர்களை அங்கே குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமக்கின்றன. அங்கே தோன்றிய நோய் பல மாநிலங்களுக்குப் பரவியது. இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. நோய் வந்த குதிரைக்கு ஓய்வே பெரிய மருந்து. ஒரு நாள் காய்ச்சலுக்கு ஒரு வாரம் ஓய்வு என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

தாடைக்கு அடியில் கட்டி வரும் தொண்டைக் கட்டி நோய் இன்னொன்று. இளம் குதிரைகளுக்கு அதிகம் வரும். இது ஒரு பாக்டீரியா கிருமியால் வருகிறது. முதலில் காய்ச்சல், பிறகு சளி, பிறகு கட்டி. கட்டி பழுத்து உடைந்து சீழ் வரும். தண்ணீர்த் தொட்டி, வாளி, கயிறு, துணி, மனிதரின் கை எல்லாவற்றின் மூலமும் இது பரவும். கட்டி பெரிதானால் மூச்சே அடைக்கும்.

மூன்றாவது, தூசி இருமல். மனிதருக்கு வரும் ஆஸ்துமா போன்றது. குதிரைக்குக் காய்ச்சல் இருக்காது. தீனியும் நன்றாகத் தின்னும். ஆனால் பல வாரங்களாக இருமும். லாயத்தில் நின்றால் அதிகம், வெளியில் கட்டினால் குறைவு. பூசணம் பிடித்த வைக்கோலும் தூசியும்தான் காரணம். முற்றினால் குதிரை மூச்சை வெளியே விடவே கஷ்டப்படும். வயிற்றை இரண்டாம் தடவை அழுத்தி மூச்சு விடும். விலாவுக்குக் கீழே ஒரு கோடு போலத் தசை புடைக்கும். இந்த நோய் மற்றக் குதிரைக்குத் தொற்றாது. வைக்கோலைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். காற்றோட்டம் கொடுங்கள். பாதித் தொல்லை குறையும். விழிஞ்ஞம் போன்ற கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் வைக்கோல் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அதனால் இங்கே இந்தக் கவனம் அதிகம் தேவை.

நான்காவது, நுரையீரல் அழற்சி. நிமோனியா என்று சொல்வார்கள். லாரியில் நெடுந்தூரம் ஏற்றி வந்த குதிரைக்கு இது வரலாம். லாரியில் குதிரையின் தலையை உயர்த்திக் கட்டிவிடுகிறார்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் சளி வடியும். தலை உயர்ந்தே இருந்தால் கிருமியும் அழுக்கும் நுரையீரலுக்குள் இறங்கும். பயணம் முடிந்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வரும். குதிரை தீனி தின்னாது. நடக்க மறுக்கும். மூச்சு வேகமாகும். இதற்கு அன்றைக்கே மருத்துவம் தேவை.

உயிருக்கு ஆபத்தான ஒரு நோய்

கிளாண்டர்ஸ் என்ற நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். குதிரை, கழுதை, கோவேறு கழுதை மூன்றுக்கும் இது வரும். மனிதருக்கும் தொற்றும். மனிதர் உயிரையும் பறிக்கும்.

காய்ச்சல், இருமல், மூக்கில் கெட்டியான சளி, சில சமயம் ரத்தம், மூக்குக்குள் புண், தாடைக்கு அடியில் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். தோலில், முக்கியமாகக் கால்களின் உள்பக்கத்தில், வரிசையாகக் கட்டிகள் வரும். அவை உடைந்து தேன் போன்ற சீழ் ஒழுகும். கழுதையும் கோவேறு கழுதையும் சீக்கிரம் செத்துவிடும். குதிரையோ பல மாதம் நோயோடு நடமாடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் குதிரைகூட நோயைப் பரப்பும்.

இந்த நோய்க்கென்றே 1899ல் இந்தியாவில் சட்டம் போட்டார்கள். நோய் குறைந்தது. ஆனால் 2006ல் மகாராஷ்டிராவில் மறுபடி தலைகாட்டியது. பிறகு பல மாநிலங்களில் கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். தொண்டைக் கட்டி நோயிலும் சளி, கட்டி, சீழ் வரும். கிளாண்டர்ஸ் நோயிலும் அவை வரும். முதல் நோய் வந்த குதிரை பெரும்பாலும் பிழைக்கும். இரண்டாவது நோய் என்றால் குதிரையைக் காப்பாற்ற முடியாது. சட்டப்படி அதை வலியில்லாமல் கொன்று ஆழமாகப் புதைக்க வேண்டும். தடுப்பூசியும் இல்லை. கண்ணால் மட்டும் பார்த்து இது எந்த நோய் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஹரியானா மாநிலம் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் 1985 முதல் இருக்கிறது. இந்தப் பரிசோதனையில் முக்கியமான இடம் அதுதான்.

2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும். "சொன்னால் குதிரை போய்விடுமே" என்று சிலர் மறைப்பார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஒரே குதிரையை நம்பி வாழும் குடும்பம் என்ன செய்யும்? இப்படிக் கொல்லப்படும் குதிரைக்கு இழப்பீடு கொடுக்க அரசுத் திட்டம் உண்டு. மறைத்தால் அந்த இழப்பீடும் போகும், வீட்டில் ஒரு உயிரும் போகலாம்.

மருத்துவர் என்ன செய்வார்?

மருத்துவர் முதலில் கேள்வி கேட்பார். எத்தனை நாளாக? காய்ச்சல் எவ்வளவு? புதிய குதிரை வாங்கினீர்களா? சந்தைக்குப் போனீர்களா? வேறு குதிரைக்கு இருக்கிறதா?

பிறகு ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சின் இரண்டு பக்கமும் கேட்பார். குதிரையின் மூச்சு ஒலி மிக மெல்லியது. அதனால் சில சமயம் மூக்கில் ஒரு பெரிய பையைச் சிறிது நேரம் பிடிப்பார். அப்போது குதிரை ஆழமாக மூச்சு இழுக்கும். மறைந்திருந்த ஒலி கேட்கும். இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது. மூச்சு திணறும் குதிரைக்கு இது ஆபத்து.

மூக்கிலிருந்து பஞ்சால் சளி எடுப்பார். ரத்தம் எடுப்பார். பெரிய மருத்துவமனைகளில் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோடு என்ற இடத்தில் அரசின் கால்நடை நோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிச் சேவையைக் கேட்கலாம். அந்தப் போனுக்குக் கட்டணம் இல்லை.

இரண்டு குதிரைக்காரர்கள்

இப்போது ஒரு சிறு கதை. ஒரு கடற்கரையில் இரண்டு குதிரைக்காரர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் குதிரையும் ஒரே நாளில் இருமின. அது விடுமுறைக் காலம், கூட்டம் அதிகம்.

முதலாமவர் நினைத்தார்: "சாதாரணச் சளிதான். இன்றைக்கு ஓட்டினால் நாலு காசு கிடைக்கும்." குதிரையை நாள் முழுவதும் வெயிலில் ஓட்டினார். இரவு கஷாயம் காய்ச்சினார். குதிரை வாயைத் திறக்கவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றினார். கஷாயம் மூச்சுக்குழாய்க்குள் போனது. நான்காம் நாள் மருத்துவர் வந்தபோது குதிரை விழுந்து கிடந்தது. "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று அவர் கேட்டார். பதில் இல்லை.

இரண்டாமவர் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் எழுதினார்:

"திங்கள் காலை. மூச்சு 14. காய்ச்சல் 100.5. தீனி தின்றது. இருமல் இல்லை."

"செவ்வாய் காலை. மூச்சு 22. காய்ச்சல் 103. வறட்டு இருமல். பாதித் தீனி."

செவ்வாய்க்கிழமையே குதிரையைத் தனியாகக் கட்டினார். வாளியைப் பிரித்தார். மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வந்து நோட்டைப் படித்தார். "பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்" என்றார். அந்தக் குதிரைக்கு வந்தது ஃப்ளூ. குதிரைக்காரருக்கு மூன்று வாரக் கூலி போனது. வீட்டில் கஷ்டம்தான். ஆனால் நான்காவது வாரம் குதிரை கடற்கரைக்குத் திரும்பியது.

இருவரும் தங்கள் குதிரை மேல் பாசம் வைத்தவர்கள்தான். ஒருவரிடம் நோட்டு இருந்தது. ஒருவரிடம் இல்லை.

நினைவில் வையுங்கள்

குதிரை நன்றாக இருக்கும்போதே மூச்சையும் காய்ச்சலையும் பார்த்து எழுதி வையுங்கள். நல்ல நாளின் கணக்கு தெரிந்தால்தான் கெட்ட நாளின் கணக்கு புரியும்.

புதிதாக வாங்கிய குதிரையை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள்.

இருமும் குதிரையை வேலைக்கு ஓட்டாதீர்கள்.

வாயிலோ மூக்கிலோ வலுக்கட்டாயமாக மருந்து ஊற்றாதீர்கள்.

பக்கத்து வீட்டுக் குதிரைக்குக் கொடுத்த ஊசியையும் மாத்திரையையும் உங்கள் குதிரைக்குக் கொடுக்காதீர்கள்.

சளியையும் சீழையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் புண் இருந்தால் கிட்டவே போகாதீர்கள். நோய்க் குதிரையைக் கவனித்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தச் செய்தியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மார்க்கோ போலோ வந்த காலத்தில் ஒரு ஆண்டில் ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்தன. எந்தக் குதிரைக்கு என்ன நோய் என்று எழுதி வைக்க லாயத்தில் ஆள் இல்லை. இன்று உங்கள் கையில் பென்சில் இருக்கிறது. வீட்டில் குதிரை இல்லாதவர்கள் ஆட்டையும் மாட்டையும் இதே போல் கவனியுங்கள். அவற்றின் எண்கள் வேறு. அதை மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாயில்லாப் பிராணிக்கு வாயாக இருப்பது வளர்ப்பவரின் கண்ணும் நோட்டும்தான்.